நீர்க்கடுப்பும் பெட்டிக்குள்ளே இருந்த காகிதமும்

தலைப்பைப் பார்த்துட்டு பார்லி கஞ்சி, வாழைத்தண்டு சாறுன்னு வீட்டுக் குறிப்பு இருக்கும்னு வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது அது இல்லை. மாதவிடாய் நின்னுபோன பெண்களுக்கு, பெண்ணுறுப்புக்கு உள்ளே வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்தைப் பத்தின பதிவு. ஆண் பதிவர்கள் யாரும் ஓடிடாதீங்க. உங்க வீட்டுலயும் அம்மா, மாமியார், அக்கா, மனைவின்னு ஐம்பதைத் தாண்டினவங்க இருப்பாங்க. மருந்துக்கடைக்குப் போறதும், பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கற காகிதத்தைப் பிரிச்சுப் படிச்சுட்டு 'இதெல்லாம் நமக்கு வேணாம்மா'ன்னு சொல்றதும் பெரும்பாலும் நீங்கதானே! அதனால உட்காருங்க.

முதல் பிரச்சினை வார்த்தைதான். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த உபத்திரவத்தைச் சொல்ல வார்த்தையே இல்லை. 'கீழ எரியுது'ம்பாங்க. 'உடம்பு சூடு பிடிச்சிருக்கு'ம்பாங்க. 'ஒண்ணுக்குப் போனா கடுக்குது'ங்கறதுதான் இருக்கறதுலயே துணிச்சலான வாக்கியம். டாக்டர்கிட்ட போனாலும் 'அங்க' 'அந்த இடத்துல'ன்னு கையைக் காட்டி, அதையும் கூட வந்த மருமகள் பக்கம் திரும்பித்தான் சொல்லுவாங்க. வெளியில நாற்பது பேர் காத்திருக்கும்போது டாக்டருக்கும் நோண்டி நோண்டிக் கேட்க நேரமில்லை. யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்து, அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிடுவார். எரிச்சல் அடங்கும். ரெண்டு மாசத்துல திரும்ப வரும்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லையாம். 2014-ல அமெரிக்காவுல ரெண்டு மருத்துவ சங்கங்கள் சேர்ந்து இந்த நோய்க்கே புதுப் பேர் வச்சாங்க. அதுவரைக்கும் 'யோனிச் சுருக்கம்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர்தான் இருந்தது. பேரை மாத்தினதுக்கு அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, அந்த உறுப்போட பேரைப் பொது இடத்துலயும் பத்திரிகையிலயும் சொல்ல ஜனங்க சங்கடப்படறாங்கங்கறது! இன்னொரு காரணம்தான் முக்கியமானது. பழைய பேர்ல சிறுநீர்ப் பிரச்சினைக்கு இடமே இல்லை. புதுப் பேரைத் தமிழ்ல சொன்னா 'மாதவிடாய் நின்றபின் வரும் பிறப்புறுப்பு–சிறுநீர்ப்பாதைக் கோளாறு'ன்னு வரும். சுருக்கமா ஜி.எஸ்.எம். வறட்சி, அரிப்பு, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, அவசரமா பாத்ரூமுக்கு ஓடறது எல்லாமே இந்த ஒரே குடைக்குள்ள வந்தாச்சு.

ஏன் ஒரே குடை? கருவுல வளரும்போது பெண்ணுறுப்போட கீழ்ப்பகுதியும் சிறுநீர் வெளியே வர்ற குழாயும் ஒரே இடத்துலேர்ந்து பிரிஞ்சு வளர்றவை. ரெண்டுமே ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழறவை. அந்த ஹார்மோன் இருக்கறவரைக்கும் உள்தோல் தடிப்பா, ஈரமா இருக்கும். அந்தத் தோலோட செல்கள்ல கிளைக்கோஜன்னு ஒரு மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்னு லாக்டோபாசிலஸ்னு நல்ல பாக்டீரியா வாழும். தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தோட சொந்தக்காரங்கதான் இவங்க. அங்கேயும் அதே புளிப்பு வேலையைத்தான் பண்றாங்க. லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாவே வச்சிருக்கறதால வெளியிலேர்ந்து வர்ற கெட்ட கிருமி தங்க முடியாது.

மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் போச்சு. தோல் மெலிஞ்சு போகும். மாவுச்சத்து இல்லை, அதனால நல்ல பாக்டீரியா இல்லை, அதனால புளிப்பும் இல்லை. குடல்ல இருக்கற ஈ.கோலைக்குக் கதவைத் திறந்து வச்ச மாதிரி ஆகிடுது. அங்கேருந்து சிறுநீர்ப்பை எவ்வளவு தூரம்? பெண்களுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். இதுக்கு பார்லி தண்ணி என்ன பண்ணும் பாவம்!

இன்னொண்ணு. மெனோபாஸ் சமயத்துல வர்ற திடீர்ச் சூடு, வியர்வையெல்லாம் பெரும்பாலானவங்களுக்கு சில வருஷத்துல தானாவே குறைஞ்சுடும். இது அப்படி இல்லை. கவனிக்காம விட்டா வருஷம் போகப் போக மோசமாத்தான் ஆகும். நம்ம நாட்டுல பெண்களுக்கு சராசரியா 46, 47 வயசுலயே மாதவிடாய் நின்னுடுது. அதுக்கப்புறம் முப்பது வருஷம் வாழணுமே. கர்ப்பப்பையோட சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்ட பெண்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே மெனோபாஸ். 'எல்லாத்தையும் எடுத்தாச்சு, இனி தொல்லை இல்லை'ன்னு சொல்லி அனுப்பற வழக்கம் இன்னும் இருக்கு. இந்தத் தொல்லையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்லை.

இப்ப எங்க பெரியம்மா கதை. வயசு 68. பெரியப்பா போய் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே வருஷத்துல அஞ்சு தடவை நீர்க்கடுப்பு. சர்க்கரை இருக்கான்னு பார்த்தாச்சு, இல்லை. ஸ்கேன் எடுத்தாச்சு, கல் இல்லை. ஒரு லேடி டாக்டர்தான் கடைசியில உட்கார வச்சுப் பரிசோதிச்சு, எஸ்ட்ரியால் க்ரீம் ஒரு டியூப் எழுதிக் கொடுத்திருக்காங்க. அண்ணன் (பெரியம்மா பையன்) போய் வாங்கிட்டு வந்தார். கடைப் பையன் நாலு பேர் முன்னாடி 'சார், இது லேடீஸ் உள்ளே வைக்கிறதுதானே?'ன்னு சத்தமாக் கேட்டானாம். அங்கேயே பாதி மனசு விட்டுப்போச்சு அவருக்கு. வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரிச்சார். கர்ப்பப்பைப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய்னு வரிசையா எச்சரிக்கை. மீதி மனசும் போச்சு. டியூப் பீரோவுக்குள்ள போயிடுச்சு.

அதுல பேசப்படாத ஒரு காரணமும் இருந்தது. புருஷன் இல்லாத, பேரன் பேத்தி எடுத்த அம்மாவுக்கு 'அந்த இடத்துக்கு' எதுக்கு மருந்து? யாரும் வாய்விட்டுச் சொல்லலை. பெரியம்மாவே என்கிட்ட சொன்னது, 'எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுடி, பூஜை அறைக்குப் போற உடம்பு'ன்னு. கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கறப்போ யாரும் இப்படி யோசிக்கறதில்லை. இந்த ஒரு உறுப்புக்கு மட்டும் கல்யாணம்னு ஒண்ணு இருந்தாத்தான் வைத்தியம்னு நாமளா முடிவு பண்ணி வச்சிருக்கோம்.

ஒன்றரை வருஷம் டியூப் பீரோவுலயே இருந்துச்சு. கல்ச்சர் ரிப்போர்ட்ல ஒவ்வொரு தடவையும் 'ஆர்' கூடிக்கிட்டே போச்சு. ஆர்னா அந்த மருந்துக்குக் கிருமி மசியாதுன்னு அர்த்தம். கடைசியில குளிர் ஜுரம் வந்து கிருமி சிறுநீரகத்துக்கே ஏறிடுச்சு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்து ஊசி வழியா ஆன்டிபயாடிக். வாய் வழியாக் கொடுக்க உருப்படியா ஒண்ணும் மிச்சமில்லை. டிஸ்சார்ஜ் அன்னிக்கு யூராலஜி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'அம்மா, உள்ளே வைக்கிற க்ரீம் ஏதாவது போடறீங்களா?'

காகிதத்துல போட்டிருந்த எச்சரிக்கை எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். அது ஒரு தனிக்கதை.

அமெரிக்காவுல பெண்கள் நல முன்முயற்சின்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. 50-லேர்ந்து 79 வயசு வரைக்கும் இருந்த பெண்கள். அதுல ஒரு பிரிவுல 16,608 பேர். பாதிப் பேருக்கு தினமும் வாய்வழி மாத்திரை, குதிரைச் சிறுநீர்லேர்ந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராமும் கூட புரொஜஸ்டின் 2.5 மில்லிகிராமும். மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. 2002 ஜூலையில அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினாங்க. பத்தாயிரம் பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் கூடுதலா 8 பேருக்கு, பக்கவாதம் கூடுதலா 8 பேருக்கு, இப்படிக் கணக்கு. உலகம் முழுக்க தலைப்புச் செய்தி. 2003-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஈஸ்ட்ரோஜன் இருக்கற எல்லா மருந்துக்கும் கறுப்புக் கட்டம் கட்டின எச்சரிக்கை போடணும்னுச்சு.

எல்லா மருந்துக்கும்னா எல்லாத்துக்கும்தான். தினமும் விழுங்கற மாத்திரைக்கும் அதே வாசகம், வாரம் ரெண்டு நாள் உள்ளே வைக்கிற துளி மருந்துக்கும் அதே வாசகம். அந்தச் சோதனையில உள்ளே வைக்கிற மருந்தை யாருக்கும் கொடுத்துப் பார்க்கவே இல்லை! ஈஸ்ட்ரோஜன்ங்கற பேர் ஒண்ணா இருக்குங்கறதுக்காக ஒட்டின சீட்டு அது.

அளவு எவ்வளவு வித்தியாசம்னு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல நாடுகள்ல கிடைக்கிற உள்ளே வைக்கிற எஸ்ட்ரடயால் மாத்திரை ஒண்ணுல இருக்கறது 10 மைக்ரோகிராம். முதல் ரெண்டு வாரம் தினம் ஒண்ணு, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு. வருஷத்துக்கு 14 + 100 = 114 மாத்திரை. மொத்தம் 1,140 மைக்ரோகிராம், அதாவது 1.14 மில்லிகிராம். மெனோபாஸுக்கு வாய்வழி கொடுக்கற எஸ்ட்ரடயால் மாத்திரையில சாதாரணமா ஒண்ணு 1 மில்லிகிராம். ஆக ஒரு வருஷம் முழுக்க உள்ளே வைக்கிறது, இன்னொருத்தர் ஒரே நாள்ல விழுங்கற அளவு. விழுங்கினதுல பெரும்பகுதி கல்லீரல்ல சிதைஞ்சு போகும்ங்கறது உண்மைதான். அதைக் கழிச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான். இந்தச் சின்ன அளவுல, ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்ன பெண்களுக்கு இயல்பா இருக்கற அளவைத் தாண்டறதில்லை.

நம்ம ஊர் டாக்டர்கள் எழுதற எஸ்ட்ரியால், ஈஸ்ட்ரோஜன் குடும்பத்துலயே வலு குறைஞ்ச தங்கச்சி. அதையும் எஸ்ட்ரடயாலையும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிடக்கூடாது. அதே சமயம் க்ரீம்னா எல்லாம் ஒண்ணுன்னும் நினைக்கக்கூடாது. சில க்ரீமை அளவு கூட்டிப் போட்டா ரத்தத்துல கணிசமாவே ஏறும். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்றது குறைந்த டோஸை மட்டும்தான்.

நீர்க்கடுப்பு விஷயத்துல இந்த எஸ்ட்ரியாலுக்கு ஒரு பழைய, அழகான ஆய்வு இருக்கு. 1993-ல ராஸ், ஸ்டாம்னு ரெண்டு டாக்டர்கள் வெளியிட்டது. அடிக்கடி நீர்க்கடுப்பு வர்ற, மாதவிடாய் நின்ன 93 பெண்கள். சிலருக்கு எஸ்ட்ரியால் க்ரீம், ராத்திரி 0.5 மில்லிகிராம், ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் ரெண்டு தடவை, எட்டு மாசம். மத்தவங்களுக்கு மருந்தில்லாத வெறும் க்ரீம். வெறும் க்ரீம் போட்டவங்களுக்கு ஆளுக்கு வருஷத்துக்கு 5.9 தடவை நீர்க்கடுப்புங்கற கணக்குல வந்துச்சு. மருந்து போட்டவங்களுக்கு 0.5. ஒரு மாசத்துல அந்தப் புளிப்பு பாக்டீரியா நூத்துக்கு 61 பேருக்குத் திரும்பி வந்திருந்தது. வெறும் க்ரீம்காரங்கள்ல ஒருத்தருக்குக் கூட வரலை. வருஷத்தைப் பாருங்க, 1993. எச்சரிக்கைக் கட்டம் ஒட்டறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே இது தெரியும்! அமெரிக்க யூராலஜி சங்கம் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும், மாதவிடாய் நிக்கற சமயத்துலயும் நின்ன பிறகும் அடிக்கடி நீர்க்கடுப்பு வர்ற பெண்களுக்கு இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கு.

பயமுறுத்தின அதே அமெரிக்க ஆய்வோட இன்னொரு பிரிவுல, பெண்கள் அவங்க பாட்டுக்கு வாழறதை மட்டும் கவனிச்சுக் குறிச்சுக்கிட்டு வந்தாங்க. அதுல 45 ஆயிரத்துக்கும் மேல இருந்த பெண்களோட விவரத்தை அலசி 2018-ல வெளியிட்டாங்க. உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜனைப் பயன்படுத்தினவங்களுக்கு மார்பகப் புற்றுநோயோ, கர்ப்பப்பைப் புற்றுநோயோ, மாரடைப்போ, பக்கவாதமோ கூடலை. இது சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்யற சோதனை இல்லை, கவனிச்சுப் பார்த்தது மட்டும்தான். ஆனாலும் இருபது வருஷமா கட்டத்துக்குள்ள இருந்த வாசகத்துக்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது. இங்கிலாந்துல 2022-லேர்ந்து 10 மைக்ரோகிராம் மாத்திரையை, 50 வயசும் ஆகி மாதவிடாய் நின்னு ஒரு வருஷமும் தாண்டினவங்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளரே கொடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. கடைசியா 2025 நவம்பர்ல அமெரிக்க அரசும் அந்தக் கறுப்புக் கட்டத்தை எடுக்கப்போறதா அறிவிச்சுது. விழுங்கற மாத்திரைக்கும் சேர்த்து எடுத்தது சரிதானான்னு டாக்டர்களுக்குள்ள சண்டை நடக்குது. அது நியாயமான சண்டைதான். உள்ளே வைக்கிற குறைந்த டோஸுக்கு எடுத்ததுல பெரிய சண்டை இல்லை.

இருபத்திரண்டு வருஷம்! எத்தனை பீரோவுல எத்தனை டியூப் கிடந்திருக்கும்?

எச்சரிக்கையே வேண்டாம்னு நான் சொல்லலை. மாதவிடாய் நின்னு வருஷக்கணக்காச்சு, திடீர்னு ரத்தம் படுதுன்னா, மருந்து போட்டாலும் போடாட்டாலும், அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். 'சூடு'ன்னு வீட்டுல வச்சுக்கற விஷயமே இல்லை அது. அடுத்தது மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவங்க. இவங்களுக்கு வறட்சி ரொம்பக் கொடுமையா இருக்கும், சிகிச்சையே ஈஸ்ட்ரோஜனைத் துரத்தறதுதானே. முதல்ல ஹார்மோன் இல்லாத ஈரப்பசை ஜெல்லைப் பார்க்கச் சொல்றாங்க. அது போதலைன்னா புற்றுநோய் டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு. 2022-ல டென்மார்க்ல பண்ணின ஆய்வுல மொத்தமாப் பார்த்தா நோய் திரும்ப வர்றது கூடலை. ஆனா அரோமடேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. 2024-ல ஸ்காட்லாந்து, வேல்ஸ் பெண்களைப் பார்த்த இன்னொரு ஆய்வுல மார்பகப் புற்றுநோயால இறக்கறது கூடலைன்னு வந்தது. ஆக இதை ஒரே வார்த்தையில 'சரி' 'கூடாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நடுவுல லேசர்காரங்களையும் சொல்லிடணும். பெரிய ஊர்கள்ல இதுக்குன்னு லேசர் சிகிச்சைன்னு விளம்பரம் பண்றாங்க, ஆயிரக்கணக்குல செலவு. 2018-லயே அமெரிக்க மருந்துத் துறை இதை எச்சரிச்சது. 2021-ல வெளிவந்த ஒரு சோதனையில நிஜ லேசருக்கும் பொய் லேசருக்கும் வித்தியாசம் தெரியலை. பணம் இருந்தா தங்கம் வாங்குங்க.

கல்யாண வாழ்க்கையைப் பத்தியும் ஒரு பாரா. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம, தலைவலி, முழங்கால் வலின்னு வேற வலியைச் சொல்லித் தனியாப் போய் படுத்துக்கற பெண்கள் எத்தனையோ பேர். அந்த வீட்டுக்காரர் 'இவளுக்கு என்மேல இஷ்டம் போயிடுச்சு'ன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார். பத்து வருஷம் ரெண்டு பேரும் அடுத்தடுத்த ரூம்ல. இதுக்கு நடுவுல நிக்கறது மனசு இல்லை, மெலிஞ்சுபோன தோல்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

பெரியம்மா போன வருஷம் ஆரம்பிச்சாங்க. கூட வர்ற குழல்ல அளவு பார்த்து எடுக்கணும், விரல்ல மூட்டுவலி இருக்கறவங்களுக்கு அது கஷ்டம். டாக்டரே விரல் நுனியில எடுத்துத் தடவிக்கலாம்னு காட்டிக் கொடுத்திருக்காங்க. வாரம் ரெண்டு நாள் எந்த நாள்னு பெரிய ஆலோசனை. செவ்வாய், வெள்ளி முடியவே முடியாது. திங்களும் வியாழனும்னு முடிவாச்சு, வியாழன் குருவாரமாச்சேன்னு ஒரு வாரம் யோசனை. படுக்கப்போறப்போ வச்சாப் போதும்னு சொல்லி சமாதானப்படுத்தினேன். முதல் ரெண்டு வாரம் லேசா எரிஞ்சது, அப்புறம் சரியாச்சு. உடனே பலன் தெரியாது, ரெண்டு மூணு மாசமாவது பொறுக்கணும். நிறுத்தினா திரும்ப வரும், சர்க்கரை மாத்திரை மாதிரி தொடரணும். இந்தப் பதினாலு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் நீர்க்கடுப்பு. சாதாரண மாத்திரைக்கே அடங்கிடுச்சு. இப்ப அண்ணன்தான் கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றார், பழைய டியூப்போட அட்டையைக் கையில எடுத்துக்கிட்டுப் போறார். பேரைச் சொல்ல வேண்டியதில்லையே!

நான் டாக்டர் இல்லை, படிச்சதையும் பார்த்ததையும் சொன்னேன். உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கணும். கேட்கறதுக்கு வாக்கியம் வேணும்னா இதோ: 'எனக்கு மாதவிடாய் நின்னு இத்தனை வருஷம் ஆச்சு, அடிக்கடி நீர்க்கடுப்பு வருது, உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் எனக்கு ஒத்துவருமா?' ஒரு சீட்டுல எழுதிக்கூட நீட்டலாம், பெரியம்மா அப்படித்தான் பண்ணினாங்க.

இந்தப் பதிவுக்கு மட்டும் அனானி பின்னூட்டத்தைத் திறந்து வச்சிருக்கேன். பேர் போடாமக் கேளுங்க. கும்மி அடிக்க வர்றவங்க மட்டும் தயவுசெஞ்சு அடுத்த பதிவுக்கு வாங்க, அது வத்தக்குழம்பு :-)